நாலு மூலை மஞ்சள்

பயந்துட்டீங்களா தம்பி? ரத்தம் இல்ல அது. பிரசவ ஆஸ்பத்திரில செவரு செவப்பா இருந்தா யாருக்குத்தான் பகீர்னு இருக்காது? போன தடவை ஒரு அம்மா இதப் பாத்துட்டு, மக உள்ள இருக்கா, நான் இங்க உக்காரவே மாட்டேன்னு வெளிய வேப்பமரத்தடிக்குப் போயிருச்சு. தொடாதீங்க, காலையிலதான் சுண்ணாம்பு அடிச்சோம், கையில ஒட்டும். மஞ்சள் அது. வெறும் மஞ்சள். ஈரச் சுண்ணாம்புல பட்டா செவந்துரும். ஆரத்தி கரைக்கிறதப் பாத்திருப்பீங்கல்ல? அதே சங்கதிதான்.

உக்காருங்க. வீட்டுக்காரம்மாவா உள்ள? ரெண்டாவதா? அப்ப ஒண்ணும் பயமில்ல. இங்க டாக்டரம்மா கைராசிக்காரங்க. கூப்பிடுவாங்க. கூப்பிட்டா இந்த ஜன்னல் வழியாவே கேக்கும், அதுக்குத்தான் ஜன்னல அந்தப் பக்கம் வச்சேன். பிளான்ல இங்கிட்டு இருந்துச்சு. நான்தான் எழுதிக் கொடுத்து மாத்தினேன்.

ஆமா, நான் கட்டுன கட்டடம் இது. கூட வந்தவங்க தங்குறதுக்குன்னு சர்க்கார்ல போட்ட கட்டடம். கான்ட்ராக்டர் அடைக்கலம்னா இந்தத் தாலுகால தெரியாத ஆள் கிடையாது. கட்டி முடிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஓடு உடைஞ்சாலும் குழாய் ஒழுகுனாலும் செவத்துல கறை பட்டாலும் கான்ட்ராக்டர்தான் பாக்கணும். அந்த ரெண்டு வருஷம் இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. அதுக்கப்புறம் இந்தச் செவரு செவப்பா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன, அடைக்கலத்துக்குப் பொறுப்பில்ல. அதனாலதான் கடைசியா ஒரு தடவை அடிச்சுட்டுப் போயிருவோம்னு பெயிண்டரக் கூட்டிட்டு வந்தேன். காலையில அடிச்சு முடிச்சாச்சு. பெயிண்டர் டீ குடிக்கப் போனான். மத்தியானம் வீட்டுலேர்ந்து சாப்பாடு வந்துச்சு. சாப்பிடலாம்னு கை கழுவிட்டு வந்து பாத்தா, இருக்கு.

இது ஒண்ணுதான்னு நெனக்காதீங்க. அந்த மூலையப் பாருங்க. இங்கிட்டு ஒண்ணு. கதவுக்குப் பின்னாடி ஒண்ணு. நாலு மூலைக்கும் நாலு. ஒரு விரல் அகலம். எப்ப சுண்ணாம்பு அடிச்சாலும் அன்னைக்கோ மறுநாளோ வந்துரும். ரெண்டு வருஷமா இதே கூத்து.

பேய், பிசாசு, அதெல்லாம் நான் நம்புறவன் இல்ல. நான் விதிய நம்புறவன். யார் வைக்கிறான்னும் எனக்குத் தெரியும். ஏன் வைக்கிறான்னும் தெரியும். சொன்னா நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

சித்திரவேலுன்னு ஒருத்தன். என்கிட்ட பதினோரு வருஷம் கொத்தனாரா இருந்தான். மட்டப்பலகை வைக்காமலே செவரு நேரா நிக்கும், அப்படிக் கை. எனக்கு அண்ணே அண்ணேன்னு உசுரு. திடீர்னு ஒரு நாள், அண்ணே, நானும் கான்ட்ராக்டராப் பதிஞ்சுக்கிறேண்ணேன்னான். பதிஞ்சுக்கடான்னேன். நான் என்ன தடுத்தேனா? ஆபீசுல நானே கூட்டிட்டுப் போயி அறிமுகம் பண்ணி வச்சேன். போர்டு ஒண்ணு எழுதினான், பொண்டாட்டி பேருல. 'பொன்னழகு கன்ஸ்ட்ரக்சன்ஸ்'னு. வேலையே இல்ல, அதுக்குள்ள போர்டு. நாங்கள்லாம் கேலி பண்ணுவோம். சிரிச்சுக்கிட்டே நிப்பான்.

அவன் போட்ட மொத டெண்டர் இந்தக் கட்டடம்.

நானும் போட்டிருந்தேன். மொத்தம் ஆறு கவரு. பெட்டியத் திறந்து ஒவ்வொண்ணாப் படிக்கிறாங்க. சித்திரவேலு போட்டதுதான் எல்லாத்துலயும் குறைச்சல். அடுத்தது நான். நூலளவுதான் வித்தியாசம். அவனுக்கு ஆர்டர் கொடுத்துட்டாங்க. லட்டு வாங்கிட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும். ரெண்டு பேரும் எங்க கால்ல விழுந்தாங்க. எம் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு, அந்தப் பொண்ணுக்கு வெத்தல பாக்கு, ரவிக்கத் துணி எல்லாம் வச்சுக் கொடுத்தா. நானும் லட்டு தின்னேன். நல்ல லட்டு.

மறுநாள் மனு எழுதினேன்.

ஏன் மூஞ்சி மாறுது? கேளுங்க முழுசா. ஆர்டர் கொடுத்ததுல ஆட்சேபணை இருந்தா பத்து நாளைக்குள்ள எழுதிக் கொடுக்கலாம்னு விதி இருக்கு. விதி இருக்குறதாலதான எழுதினேன்? டெண்டர் படிவத்தோட ஒரு புத்தகம் கொடுப்பாங்க, எப்படி எப்படிப் போடணும்னு. அந்த வருஷம்தான் புதுசா ஒண்ணு சேத்திருந்தாங்க. பதினாலாம் பக்கம், ஏழாவது வரி. கவர் மேல வேலை பேரு, டெண்டர் நம்பர், அனுப்புறவர் விலாசம் தவிர வேற எந்தக் குறியும் இருக்கப்படாது, இருந்தா தள்ளுபடி. பொடி எழுத்து. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அறுபத்தோரு வயசு எனக்கு, இன்னைக்கும் கண்ணாடி இல்லாமப் படிப்பேன். அதுல எனக்கு ஒரு கர்வம் உண்டு, இல்லேங்கல.

எங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க? கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி டெண்டர் கவருக்கும் நாலு மூலைக்கு மஞ்சள் வச்சுத்தான் வீட்ட விட்டுக் கிளம்புவாங்க. பொம்பளைங்க சாமி முன்னாடி வச்சு, மோதிர விரலால தொட்டுத் தொட்டு வச்சுக் கொடுப்பாங்க. பெட்டியத் திறந்தாலே மஞ்சள் வாசம் அடிக்கும், ஆபீசர்களே சிரிப்பாங்க. மஞ்சள் வைக்காத கவர நான் பாத்ததே இல்ல. ஆனா அதுவும் ஒரு குறிதான? விதி என்ன, மஞ்சளத் தவிரன்னா போட்டிருக்கு?

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. அந்த எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் நல்ல மனுஷன். ஆறு கவரையும் மேசையில பரப்பி வச்சாரு. அஞ்சுல மஞ்சள். ஒண்ணே ஒண்ணு வெள்ளையா இருக்கு. என்னுது. என்னைய ஒரு பார்வை பாத்தாரு. "மஞ்சள்தானய்யா?"ன்னாரு. "ரூல்ஸ் ரூல்ஸ்தான் சார், நானா எழுதினேன்?"ன்னேன். புத்தகத்த எடுத்துப் படிச்சாரு. மறுக்க முடியலல்ல? அச்சுல இருக்குல்ல?

சித்திரவேலுவப் பாத்து, "நீ ஏதாச்சும் சொல்லணுமாப்பா?"ன்னு கேட்டாரு.

அவன் என்னையப் பாத்தான். தம்பி, ரொம்ப நேரம் பாத்தான். நான் புத்தகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன், ஆனா அவன் பாக்குறது எனக்குத் தெரியுது. இப்ப சொல்லிருவான், இப்ப சொல்லிருவான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அவன் கடைசில, "வீட்டுல வச்சது சார், தெரியாம வச்சிருச்சு"ன்னான். அவ்வளவுதான். அவனுக்குக் கொடுத்த ஆர்டர் ரத்தாச்சு. வேலை எனக்கு வந்துச்சு.

என்ன சொல்லிருவான்னு பயந்தேன்னு கேக்குறீங்க. ஒண்ணுமில்ல. அது வேற.

சரி, சொல்லிடுறேன். உங்கள நான் இனிமே எங்க பாக்கப் போறேன்.

டெண்டர் போடுற அன்னைக்கு ஆபீசுக்கு எதுக்க ஜெராக்ஸ் கடையில நின்னுக்கிட்டு இருந்தேன். சும்மா நிக்கிறதுக்குப் புத்தகத்தப் புரட்டினேன். பதினாலாம் பக்கம் அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. என் கவரப் பாக்குறேன், நாலு மூலைக்கும் மஞ்சள். வள்ளிக்கண்ணு வச்சது. அவ வச்சா எனக்குத் தனியாத் தெரியும். அருவாமனையில மீன் அரியும்போது மோதிர விரல்ல ஆழமா வெட்டுப்பட்ட தழும்பு அவளுக்கு. அதனால அவ வைக்கிற மஞ்சள் முழுசா விழாது, நடுவுல கோடு போட்ட மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு விழும். முப்பத்தஞ்சு வருஷமா என் கவரு எல்லாத்துலயும் அந்தப் பிரிஞ்ச மஞ்சள்தான். சட்டுனு கடையில புதுக் கவர் ஒண்ணு வாங்கி, உள்ள இருந்தத எல்லாம் மாத்தி ஒட்டிட்டேன். பழசக் கைப்பையில திணிச்சுட்டேன். இதுல என்ன தப்பு? விதி சொல்லுது, நான் திருத்திக்கிட்டேன்.

ஒட்டி நிமிர்றேன், சித்திரவேலு வந்து நிக்கிறான். புதுச் சட்டை. கவர மார்போட அணைச்சுப் பிடிச்சிருக்கான், பச்சப் புள்ளையத் தூக்குற மாதிரி. "அண்ணே, எனக்கு இங்கிலீசு வராது. பொஸ்தகத்துல என்னென்னமோ போட்டிருக்கு. எல்லாம் சரியா இருக்கான்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு என் கையில கொடுத்தான்.

வாங்கினேன். முன்னாடி பாத்தேன். திருப்பிப் பின்னாடி பாத்தேன். நாலு மூலை. குண்டு குண்டா, முழுசு முழுசா நாலு மஞ்சள். பொன்னழகு வச்சது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. கொண்டு போயிப் போடு"ன்னேன்.

பாருங்க, கவரு ஒட்டியிருந்துச்சு. அவன் கேட்டது உள்ள இருக்குற பேப்பரப் பத்தி. ஒட்டுன கவருக்குள்ள நான் எப்படிப் பாக்குறது? அதனால பொதுவாச் சரின்னு சொன்னேன். மேல இருக்குற மஞ்சளப் பத்தி அவன் கேக்கவே இல்லையே? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன்.

விசாரணையில அத அவன் சொல்லல. 'அடைக்கலம் அண்ணன்தான் பாத்துச் சரின்னு சொன்னாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கயும் சொல்லல, வீட்டுலயும் சொல்லல. வீட்டுக்குப் போயி அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னானாம். "உன் கை மஞ்சளாலதான் போச்சு." அதுக்கப்புறம் பேச்சே இல்லையாம். ஒரு வாரம் கழிச்சு மட்டப்பலகை, கரண்டி எல்லாத்தையும் சாக்குல கட்டிக்கிட்டுப் பாலக்காட்டுப் பக்கம் கொத்து வேலைக்குப் போறேன்னு போனவன்தான். மூணு வருஷம் ஆச்சு. போன் இல்ல, கடுதாசி இல்ல. இருக்கானா இல்லையான்னே தெரியல. அந்தப் போர்டு இப்ப அவங்க வீட்டுல குளிக்கிற எடத்துக்கு மறைப்பா நிக்குது. நான் ஒரு தடவை அந்த வழியாப் போனேன். அதுக்கப்புறம் போறதில்ல.

பொன்னழகு எங்க இருக்கான்னு கேளுங்க. இங்கதான். இந்த ஆஸ்பத்திரிலதான் கூட்டிப் பெருக்குற வேலை. நான் கட்டுன கட்டடத்தத் தினமும் அவதான் பெருக்குறா. இப்பப் புரியுதா செவத்துல யாரு வைக்கிறான்னு?

நானும் அப்படித்தான் நெனச்சேன். கட்டடம் திறந்த மறுவாரமே நாலு மூலைக்கும் நாலு செவப்பு. கவரு ஞாபகம்தான் வந்துச்சு. நான் என்னமோ அந்தக் கவருக்குள்ளயே நிக்கிற மாதிரி இருந்துச்சு. உடனே சுண்ணாம்பு அடிச்சேன். மறுபடி வந்துச்சு. மறுபடி அடிச்சேன். பெயிண்டர் சொன்னான், "சார், அடிக்காம விட்டா அது பாட்டுக்கு மஞ்சளா இருந்து காஞ்சு வெளுத்துப் போயிரும். நீங்க புதுசா அடிக்க அடிக்கத்தான் செவக்குது"ன்னு. போடா, உனக்கென்ன தெரியும்னு வஞ்சு விட்டேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாம அவள நிறுத்திக் கேட்டுட்டேன். "ஏம்மா பொன்னழகு, எம்மேல கோவம்னா நேராத் திட்டு. எதுக்கு இப்படிச் செவத்துல மஞ்சள் வைக்கிற?"

அவ வெளக்குமாத்தக் கீழ வச்சா. ரெண்டு கையையும் விரிச்சு எங்கிட்ட காட்டுறா. "மஞ்சளா? நான் மஞ்சளத் தொட்டு மூணு வருஷமாச்சுண்ணே. மொகத்துக்குப் பூசுறதில்ல, கொழம்புக்குக்கூடப் போடுறதில்ல. என் கை மஞ்சள் பட்டா எதுவும் வெளங்காதுண்ணே. அவர மனுசனா நிக்க விடாம அடிச்சது இந்தக் கைதான? உங்க கட்டடத்துல வைப்பனா? நாலு புள்ளத்தாச்சி வந்து போற எடம்ணே"ன்னா.

எம்மேல கோவமே இல்ல தம்பி அவளுக்கு. 'அண்ணே'ன்னுதான் சொல்றா இன்னும். அங்கயே சொல்லியிருக்கணும். 'உன் கையால ஒண்ணும் போகலம்மா, நான் பாத்தேன், பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்'னு. நாக்கு வரைக்கும் வந்துச்சு. "சரி சரி, வேலையப் பாரு"ன்னுட்டு வந்துட்டேன்.

ஆனா சொல்லணும்னு விதி ஏதாச்சும் இருக்கா? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க.

அவ பொய்தான் சொல்லியிருப்பா. அவ வைக்கலன்னா வேற யாரு வைப்பா? என் சம்சாரம் மட்டும்தான் இங்க அடிக்கடி வர்றது. சுண்ணாம்பு அடிக்கிற அன்னைக்குச் சோறு அவளே கொண்டாந்துருவா. வேண்டாம் வெயிலுன்னாலும் கேக்க மாட்டா. தூக்குச் சட்டிய எங்கிட்ட வச்சுட்டு, கட்டடத்துக்குள்ள மெதுவா ஒரு சுத்து சுத்தி, ஒவ்வொரு மூலையா நின்னு பாத்துட்டுத்தான் போவா. புருஷன் கட்டுனதுன்னு ஒரு பெருமை இருக்கும்ல?

இப்ப கொஞ்ச நாளா அவ அதிகம் பேசுறதில்ல. வயசாகுதுல்ல. அந்தப் பழைய கவரக் கைப்பையில திணிச்சேன்னு சொன்னேன்ல? அப்படியே மறந்துட்டேன். அத அவ எடுத்திருக்கா. ஒரு நாள் சாமி மாடத்துல பாக்குறேன், விளக்குக்குப் பின்னாடி சாய்ச்சு வச்சிருக்கு. நாலு மூலைக்கும் அவ வச்ச மஞ்சள், அப்படியே. "இது எதுக்குடி இங்க?"ன்னேன். "நீங்க மாத்துன கவருங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதுக்கப்புறம் எந்த டெண்டர் கவருக்கும் மஞ்சள் வச்சுக் கொடுத்ததில்ல. கேட்டா, விதியில கூடாதுல்லங்கன்னுவா. அவ அப்படிச் சொல்றப்ப சிரிக்கிறாளா என்னன்னு தெரியாது, நான் மூஞ்சியப் பாக்குறதில்ல.

இந்தா, சட்டிய இன்னும் திறக்கவே இல்ல பாருங்க. பிடியில மஞ்சளா ஒட்டியிருக்கு. சமைக்கிற கை, மஞ்சள் இருக்கத்தான செய்யும்.

ஜன்னல்ல கூப்பிடுறாங்க, உங்களையா பாருங்க. ஆமா, உங்களத்தான். ஏதோ தாள்ல கையெழுத்துப் போடணுமாம். பதறாதீங்க, எல்லாருகிட்டயும் வாங்குறதுதான். போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்துப் போடுங்க தம்பி. பொடி எழுத்தா இருந்துச்சுன்னா இங்க கொண்டாங்க, நான் பாத்துச் சரியா இருக்கான்னு...

இல்ல. எங்கிட்ட கொண்டு வர வேண்டாம். டாக்டரம்மாகிட்டயே கேட்டுக்கங்க.

ஒரு நிமிஷம் தம்பி. போற வழிதான, அந்த மூலையில ஒருக்கா நின்னு அந்தச் செவப்பக் கிட்டக்கப் பாத்துட்டுப் போங்க. என் கண்ணு இப்ப முன்ன மாதிரி இல்ல, எழுத்தே மங்கலாத்தான் தெரியுது. முழுசா இருக்கா, குண்டா? இல்ல, நடுவுல கோடு போட்டு...

ஏன் என்னையத் திரும்பிப் பாக்குறீங்க? ரெண்டாப் பிரிஞ்சிருக்கா?

நாலுமா?

சரி. போயிட்டு வாங்க. நல்லபடியாப் பொறக்கும், போங்க.

அந்தா, பொன்னழகு இங்கிட்டுத்தான் பெருக்கிக்கிட்டே வர்றா. பாத்தீங்களா, மொகத்துல ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. "கால கொஞ்சம் தூக்கிக்கங்கண்ணே"ன்னு சொல்லுவா. எப்பவும் சொல்றதுதான். நானும் தூக்கிக்குவேன். பெருக்கிட்டுப் போயிருவா.

தம்பி, மணி என்ன ஆச்சு? அஞ்சுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?